ஆபீஸுக்காக எழுதின ப்ளகின் யாருக்குச் சொந்தம்? ஓப்பன் சோர்ஸ், ஆஃபர் லெட்டர், கொஞ்சம் நடுகல்

வாசகர் கடிதம், சுருக்கமா

பெங்களூருல ரூம் எடுத்துத் தங்கி வேலை பாக்குற ஒரு தம்பி எழுதியிருக்காரு. சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம், தொல்லியல்ல எம்.ஏ., வயசு இன்னும் முப்பது ஆகல. அடையாளம் தெரியக்கூடாதுன்னு ஒண்ணு ரெண்டு விவரத்தை மாத்தியிருக்கேன். வேலை ஒரு சின்னக் கம்பெனியில. கோயில், நடுகல், கல்வெட்டு, கல்திட்டை இதையெல்லாம் அளந்து, போட்டோ எடுத்து, மேப் போட்டுக் குடுக்குறதுதான் தொழில். கோலார், சிக்கபள்ளாபூர், தும்கூர்னு சுத்துறாங்க, டிரஸ்ட்டுங்க, யூனிவர்சிட்டிங்க, அரசாங்கத் துறைங்க ஆர்டர் குடுக்குது. இவர் சேர்ந்தப்ப ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் டிராயிங் போடுற கேட் சாஃப்ட்வேர், மேப் சாஃப்ட்வேர் எல்லாமே கிராக் பண்ணதுதானாம். அப்புறம் ஒரு நாள் சாஃப்ட்வேர் கம்பெனி வக்கீல்கிட்ட இருந்து நோட்டீஸ் வந்து ஓனர் ஆடிப்போயிருக்காரு. நம்ம தம்பிதான் ராத்திரி பகலா உக்காந்து மொத்த ஆபீஸையும் க்யூஜிஐஎஸ் (மேப் போடுறது), க்யூஃபீல்ட் (அதையே ஃபோன்ல ஓட்டுறது), மெஷ்ரூம், கிளவுட்கம்பேர், இங்க்ஸ்கேப்னு ஓப்பன் சோர்ஸுக்கு, அதாவது சோர்ஸ்ங்கற மூல நிரலையும் திறந்து குடுக்குற சாஃப்ட்வேருக்கு மாத்திக் குடுத்திருக்காரு.

அதோட விடல. ஒரு யூனிவர்சிட்டி அகழாய்வுக்கு பதிவு வேலை எடுத்தப்ப, எந்த மண்ணடுக்கு மேல, எது கீழ, எந்தக் குழி எதை வெட்டிட்டு இறங்கியிருக்குன்னு ஃபார்ம்ல போட்டா ஹாரிஸ் மேட்ரிக்ஸ்ங்கற மண்ணடுக்கு வரிசைப் படத்தை தானா வரைஞ்சு குடுக்குற ஒரு ப்ளகினை, அதாவது கூடுதல் வசதிக்கான குட்டி ப்ரோக்ராமை, க்யூஜிஐஎஸ்ஸுக்கு எழுதியிருக்காரு. கொஞ்சம் ஆபீஸ்ல எழுதினது, பெரும்பாலும் ரூம்ல சொந்த லேப்டாப்ல எழுதினது. இப்ப ஓனர் அதுக்கு லைசென்ஸ் கீ போட்டு மத்த கம்பெனிங்களுக்கு விக்கப் போறேங்கறாரு, "ஓப்பன் சோர்ஸ்னா யாருக்கும் சொந்தமில்ல, எடுத்தவன் வச்சிக்கலாம்"னு வேற சொல்றாராம். தம்பிக்கு இதை எல்லாருக்கும் இலவசமா வெளியிடணும்னு ஆசை, க்யூஜிஐஎஸ்ஸுக்கு ஜிபிஎல் லைசென்ஸ் (மாத்தி வெளியில குடுத்தா வாங்குறவங்களுக்கும் அதே உரிமையைக் குடுக்கணும்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்) இருக்கறதால தனக்கு அந்த உரிமை ஏற்கெனவே இருக்குன்னு நம்புறாரு. வேலையை விடப் போறாரு, விடும்போது இதுவரைக்கும் பதிவு பண்ண நடுகல் போட்டோ, இருப்பிட விவரம் எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல எடுத்துட்டுப் போய் பொது மேப்ல போடலாமான்னு கேக்குறாரு. ஒரு ஆபீஸர் "ஃப்ரீ சாஃப்ட்வேர்ல போட்ட டிராயிங் செல்லாது"ன்னு பில்லை நிறுத்தி வச்ச கதையும் இருக்கு. கடைசியா, பழைய கிராக் விவகாரத்தைப் போட்டுக்குடுத்தா ஓனர் வழிக்கு வருவாருன்னு ஃப்ரெண்டு ஒருத்தர் யோசனை சொல்றாராம், அது சரியான்னு ஒரு கேள்வி. பின்குறிப்புல இன்னொண்ணு, அதுக்குக் கடைசியில வரேன்.

என் பதில்

தம்பி, நீங்க சாஃப்ட்வேரையும், நீங்க எழுதின ப்ளகினையும், அதுக்குள்ள போட்ட தகவலையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டிருக்கீங்க, உங்க ஓனரும் அதேதான் பண்றாரு. மூணுக்கும் சொந்தக்காரங்க வேற வேற, சட்டம் வேற வேற. இதைப் பிரிச்சுப் பாத்தாலே உங்க லெட்டர்ல இருக்குற கோவத்துல பாதி குறைஞ்சிடும்.

முதல்ல உங்க ஓனர் சொன்னதை எடுத்துக்குவோம். ஓப்பன் சோர்ஸ் யாருக்கும் சொந்தமில்லங்கறது சுத்தத் தப்பு. க்யூஜிஐஎஸ் 2002ல கேரி ஷெர்மன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் எத்தனையோ பேர் எழுதியிருக்காங்க, அவங்கவங்க எழுதின பகுதிக்கு அவங்கவங்களுக்கு காப்பிரைட் இருக்கு. நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துல கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் இலக்கியப் படைப்புங்கற கணக்குல வருது, கதை கவிதைக்கு இருக்குற அதே பாதுகாப்புதான். அந்தக் காப்பிரைட்டை வச்சுக்கிட்டுத்தான் "இன்ன நிபந்தனைக்கு ஒத்துக்கிட்டா தாராளமா எடுத்துக்கோ"ன்னு அனுமதி குடுக்குறாங்க. நிபந்தனையை மீறினா அனுமதி போச்சு, அப்புறம் அதுவும் திருட்டு காப்பி மாதிரிதான். வெளிநாட்டுக் கோர்ட்டுங்க இதை உறுதியாவே சொல்லியிருக்கு. 2004ல ம்யூனிக் கோர்ட்ல ஜிபிஎல்லை மீறி ரௌட்டர் வித்த கம்பெனிக்குத் தடை போட்டாங்க. 2008ல அமெரிக்காவுல பொம்மை ரயில் ஓட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு, ஜேக்கப்சன் கேஸ், அதுலயும் இலவச லைசென்ஸ் நிபந்தனையை மீறினா காப்பிரைட் மீறல்தான்னு மேல்முறையீட்டுக் கோர்ட் சொல்லிடுச்சு. காசு வாங்கலைங்கறதால உரிமையே இல்லன்னு ஆகிடாதுன்னு ஓனர்கிட்ட பொறுமையா சொல்லுங்க.

நீங்களும் இன்னொண்ணு கவனிக்கணும். லெட்டர்ல "நாங்க இப்ப யூஸ் பண்றது எல்லாமே ஓப்பன் சோர்ஸ்"னு எழுதிட்டு லிஸ்ட்ல கூகுள் எர்த் ப்ரோவையும் ஆக்ஸ்கேலையும் சேர்த்திருக்கீங்க. ரெண்டும் காசில்லாம கிடைக்குது, ஆனா ஓப்பன் சோர்ஸ் கிடையாது. கூகுள் எர்த் ப்ரோ 2015ல இலவசமாச்சு, ஆனா அதுல இருக்குற சேட்டிலைட் படத்தை ரிப்போர்ட்ல போட தனி விதி இருக்கு. கார்பன் தேதியை சரி பண்ற ஆக்ஸ்கேல் ஆக்ஸ்ஃபோர்டுக்காரங்களோடது, அதோட பயன்பாட்டு விதியும் தனி. இலவசம்னு டவுன்லோட் ஆகுறது வேற, சோர்ஸ் திறந்து இருக்குறது வேற. காசு வாங்கிப் பண்ற வேலையில எதை யூஸ் பண்றீங்களோ அதோட லைசென்ஸை ஒரு தடவை படிச்சு ஒரு பேப்பர்ல பட்டியல் போட்டு வச்சிடுங்க, ஒரு சாயங்கால வேலை அது.

ஜிபிஎல் உங்களுக்குக் குடுக்குறதும் குடுக்காததும்

இங்கதான் நீங்க தப்பா நம்பிக்கிட்டிருக்குறதைச் சொல்லியாகணும், கோச்சுக்காதீங்க. க்யூஜிஐஎஸ் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு அல்லது அதுக்கு மேலங்கற லைசென்ஸ்ல வருது. அதோட பைத்தான் நூலகத்தைக் கூப்பிட்டு வேலை செய்யுற ப்ளகினை வெளியில குடுத்தா அதுவும் ஜிபிஎல்லுக்கு ஒத்துப்போகணும்ங்கறது அந்த ப்ராஜெக்ட்காரங்க நிலைப்பாடு, அவங்க அதிகாரபூர்வ ப்ளகின் தளத்துல ஏத்தணும்னாலும் அதுதான் விதி. ப்ளகினோட ஜன்னல் பட்டன் எல்லாம் வரையிற பைக்யூட்டியும் ஜிபிஎல்தான், காசு குடுத்து வேற லைசென்ஸ் வாங்கினாத்தான் விலக்கு. ஆக ஓனர் இதை வெளியில வித்தா வாங்குறவங்களுக்கு சோர்ஸ் குடுக்கணும், அவங்க அதை நாலு பேருக்குக் குடுக்குறதைத் தடுக்கக் கூடாது. விக்கறதுக்கு ஜிபிஎல்ல தடை எதுவும் இல்ல, அதையும் நியாயமா சொல்லிடணும். ஆனா லைசென்ஸ் கீ போட்டு மூடி விக்கறது நிக்காது, முதல் கஸ்டமரே கீயைக் கழட்டிட்டு ப்ளகினைப் பக்கத்து கம்பெனிக்குக் குடுக்கலாம், அவர் மேல கேஸ் போட முடியாது.

சரி, அப்ப நான் வெளியிடலாம்தானேன்னு கேப்பீங்க. இல்ல தம்பி. ஜிபிஎல் கடமை எல்லாம் அடுத்தவங்களுக்குக் குடுக்கும்போதுதான் ஆரம்பிக்குது. கம்பெனிக்குள்ளயே யூஸ் பண்ற வரைக்கும் யாருக்கும் சோர்ஸ் காட்டணும்னு கட்டாயம் இல்ல, ஆயிரம் வருஷம் உள்ளயே வச்சிருக்கலாம். ஊழியரான உங்க கையில ஆபீஸ் வேலைக்காக ஒரு காப்பி இருக்கறது "குடுத்தது" ஆகாது, ஜிபிஎல்லை எழுதின ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனே அவங்க கேள்வி பதில்ல அப்படித்தான் விளக்கியிருக்காங்க. அதனால ப்ளகின் காப்பிரைட் கம்பெனிக்குன்னு ஆகிட்டா, ஜிபிஎல்லைக் காட்டி நீங்களா ஒரு ராத்திரி கிட்ஹப்ங்கற நிரல் பகிரும் தளத்துல ஏத்தி விட முடியாது. ஏத்தினா ஓனர் பக்கம் சட்டம் நிக்கும். லெட்டர்ல "வெள்ளிக்கிழமை பேப்பர் போட்டுட்டு சனிக்கிழமை ரிலீஸ்"னு எழுதியிருக்கீங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க.

ஓனருக்கு வேற விதத்துல சொல்ல வேண்டிய ஒரு சேதியும் இருக்கு. பைஆர்க்இனிட்னு இத்தாலிக்காரங்க க்யூஜிஐஎஸ்ஸுக்குன்னே எழுதின அகழாய்வுப் பதிவு ப்ளகின் ஏற்கெனவே இலவசமா கிடைக்குது, மண்ணடுக்கு ஃபார்ம், மேட்ரிக்ஸ் எல்லாம் அதுலயும் உண்டு. அதே இத்தாலியில ஆர்க் டீம்ங்கற குழு ஆர்க்கியோஸ்னு தொல்லியலுக்குன்னே ஒரு முழு லினக்ஸையே தொகுத்து வச்சிருக்காங்க. இந்த மார்க்கெட்ல பூட்டுப் போட்ட ப்ளகினை யார் காசு குடுத்து வாங்குவான்னு அவரையே யோசிக்கச் சொல்லுங்க. உங்களோடதுல தனியா இருக்குறது நம்மூர் ட்ரெஞ்ச் ஷீட் (அகழாய்வுக் குழிப் பதிவுத் தாள்) அமைப்பும், கன்னடம் தமிழ் ரெண்டுலயும் ஃபார்ம் வர்றதும்தான், அதுக்கு விலை ட்ரெய்னிங்லயும் சப்போர்ட்லயும்தான் கிடைக்கும்.

ப்ளகின் யாருது?

காப்பிரைட் சட்டம் 17வது பிரிவு, அதுல சி உட்பிரிவு. ஊழிய ஒப்பந்தத்துல இருக்கறவர் அந்த வேலையோட போக்குல படைச்சதுக்கு, வேற மாதிரி எழுதி வச்சுக்கல்லன்னா முதல் உரிமையாளர் முதலாளிதான். இதுல "வேலையோட போக்குல"ங்கறதுதான் சண்டையே. சொந்த லேப்டாப், ராத்திரி பத்து மணி, ஞாயித்துக்கிழமைன்னு நீங்க லிஸ்ட் போடுறது உங்களுக்குக் கொஞ்சம் உதவும், ஆனா அது மட்டும் போதாது. எதுக்காக எழுதினீங்க, உங்க வேலை விவரத்துல அது வருதா, ஆபீஸ் டேட்டாவை வச்சு டெஸ்ட் பண்ணீங்களா, ஓனர் எழுதச் சொன்னாரான்னு எல்லாம் பாப்பாங்க. உங்க கேஸ்ல கம்பெனி எடுத்த ஆர்டருக்காகவே எழுதியிருக்கீங்க, ஆபீஸ்ல தினமும் ஓடுது, போதாக்குறைக்கு ஆஃபர் லெட்டர்ல "வேலை தொடர்பான எல்லா உருவாக்கமும் கம்பெனிக்கு"ன்னு ஒரு வரி இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. எனக்கு உண்மையைச் சொல்லணும்னா, கம்பெனி கைதான் ஓங்கியிருக்கு. அந்த வரியை சேரும்போது படிச்சிருந்தா ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லியிருக்கலாம், ஆனா இந்த ஊர்ல ஆஃபர் லெட்டர்ல சம்பளத்தைத் தவிர யாரு என்ன படிக்கிறா.

நீங்க மாச சம்பளத்துல பிஎஃப் பிடிச்சு இருக்கீங்களா, இல்ல கன்சல்டன்ட்னு பில் போட்டு வாங்குறீங்களான்னு லெட்டர்ல தெளிவா இல்ல, அதை முதல்ல பாருங்க. ரெண்டாவது வகைன்னா அது ஊழிய ஒப்பந்தம் இல்லன்னு வாதாட நல்லாவே இடம் இருக்கு, அப்ப உங்க கையெழுத்தோட எழுத்துப்பூர்வமா மாத்திக் குடுக்காத வரைக்கும் காப்பிரைட் உங்ககிட்டயே இருக்கலாம். மாத்திக் குடுத்த பத்திரத்துல காலம் எதுவும் போடலைன்னா 5 வருஷம், எந்த ஊருக்குன்னு போடலைன்னா இந்தியாவுக்கு மட்டும்னு 19வது பிரிவு சொல்லுது. சின்ன விஷயம் மாதிரி தெரியும், கேஸே இதுல திரும்பிடும்.

எப்படி இருந்தாலும் ஒண்ணு உங்க கையை விட்டுப் போகாது. 57வது பிரிவுப்படி காப்பிரைட்டே கைமாறிப் போனாலும் "இதை எழுதினது நான்"னு சொல்லிக்கிற உரிமை எழுதினவருக்கு உண்டு. ஓனர் உங்க பேரைத் தூக்கிட்டு தன் பேரைப் போட்டு விக்க முடியாது.

இப்ப என்ன பண்ணலாம்

எனக்குப் பிடிச்ச வழி பேசி முடிக்கறதுதான். காப்பிரைட் கம்பெனி பேர்ல இருக்கட்டும், எழுதினவர்னு உங்க பேர் இருக்கட்டும், ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு அல்லது மேலன்னு வெளியிட கம்பெனி சம்மதிக்குதுன்னு ஒரே ஒரு பக்கம் எழுதி லெட்டர்ஹெட்ல கையெழுத்து வாங்குங்க. மூடி விக்க முடியாதுங்கறதும், திறந்து விட்டா மத்த ஊர் ஆளுங்க பிழை திருத்திக் குடுப்பாங்கங்கறதும், "இதை உருவாக்கின கம்பெனி"ங்கற பேரே டெண்டர்ல ஒரு தகுதியா நிக்கும்ங்கறதும் அவருக்குப் புரியுற பாஷை. வாய்ப் பேச்சு வேண்டாம், வாட்ஸ்அப்ல "ஓகே பா"ன்னு அவர் அனுப்புற கட்டைவிரலும் வேண்டாம். ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே இதைப் பேசுங்க, பேப்பர் போட்ட பிறகு எந்த ஓனரும் இவ்வளவு பொறுமையா உக்காந்து கேக்க மாட்டாரு.

அவர் முடியாதுன்னுட்டா இன்னொரு வழி, வெளிய வந்து புதுசா எழுதறது. காப்பிரைட் எழுதின கோடுக்குத்தான் (நிரலுக்குத்தான்), யோசனைக்கு இல்ல. மண்ணடுக்கு உறவுகளைக் கட்டம் போட்டுக் காட்டுற யோசனை எட்வர்ட் ஹாரிஸ் 1973ல கண்டுபிடிச்சது, உங்க ஓனரோடது இல்ல. பழைய கோடைத் திறக்காம, பழைய ஃபைல் ஒண்ணுகூட கையில இல்லாம, வேற அமைப்புல எழுதுங்க, எப்ப ஆரம்பிச்சீங்கன்னு தேதியோட கமிட் வரலாறு (எந்த மாற்றம் எப்ப பண்ணீங்கங்கற பதிவு) இருக்கட்டும். அதே தொழில்ல ரெண்டு வருஷம் வேலை பாக்கக் கூடாதுன்னு ஆஃபர் லெட்டர்ல இருக்கற வரியைப் பாத்து பயந்திருக்கீங்க, வேலையை விட்ட பிறகு அப்படித் தடுக்குற ஷரத்து 1872 ஒப்பந்தச் சட்டம் 27வது பிரிவுப்படி பொதுவா செல்லாது. ஆனா ரகசியம் காக்குற ஷரத்து வேற, அது செல்லும், கஸ்டமர் லிஸ்ட்டையும் ரேட்டையும் தூக்கிட்டுப் போகக்கூடாது.

மூணாவது, மேயோ ஹால் பக்கம் வந்து கேஸ் போடறது. நான் வக்கீல், வேண்டாம்னு சொன்னா எனக்குத்தான் நஷ்டம், இருந்தாலும் வேண்டாம். நீங்க கேக்குறது காசு இல்ல, வெளியீடு, அதுக்கு கோர்ட் ரொம்ப நீளமான ரோடு.

"ஃப்ரீ சாஃப்ட்வேர் டிராயிங் செல்லாது"

அப்படி ஒரு சட்டம் கிடையாது. டிராயிங் எதுல வரைஞ்சதுங்கறது வச்சு அது செல்லுபடி ஆகறதில்ல, ஒப்பந்தத்துல கேட்ட அளவு, துல்லியம், ஃபார்மேட் இருக்கான்னுதான் கேள்வி. மத்திய அரசே 2015ல ஓப்பன் சோர்ஸை முதல் தேர்வாப் பாக்கணும், டெண்டர்ல அதையும் பரிசீலிக்கச் சொல்லணும், வேண்டாம்னா காரணம் எழுதணும்னு கொள்கை வெளியிட்டிருக்கு. மத்திய அரசு அமைப்புங்களுக்குத்தான் அது நேரடியா, மாநிலங்க விருப்பப்பட்டா எடுத்துக்கலாம்னு இருக்கு, அதனால அந்த ஆபீஸர் மாநிலத் துறைன்னா கொள்கையை மட்டும் காட்டி ஜெயிக்க முடியாது, ஒப்பந்தத்தைக் காட்டித்தான் ஜெயிக்கணும். ஒப்பந்தத்துல ஒரு குறிப்பிட்ட கேட் கம்பெனியோட ஃபைல் ஃபார்மேட்தான்னு அச்சாகி இருந்தா, டிஎக்ஸ்எஃப்பும் (பல கேட் சாஃப்ட்வேர்ல திறக்குற ஃபார்மேட்) பிடிஎஃப்பும் சேர்த்துக் குடுத்து, "இதுல எது திறக்கலன்னு எழுத்துல சொல்லுங்க"ன்னு ஒரு லெட்டர் வைங்க. எழுத்துல கேட்டா பாதி ஆட்சேபணை அப்படியே காணாமப் போயிடும். அடுத்த தடவை டெண்டருக்கு முன்னாடி நடக்குற கேள்வி கூட்டத்துலயே இதைக் கேட்டு பதில் வாங்கிடுங்க.

"தப்பு ஆனா யாரைப் பிடிக்கறது"ன்னு அந்த ஆபீஸர் கேட்டாராம். காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேரோட ஒப்பந்தத்தையும் கடைசி வரைக்கும் படிச்சுப் பாக்கச் சொல்லுங்க, அவங்களும் முடிவு சரியா இருக்கும்னு உத்தரவாதம் குடுக்குறதில்ல. அளவுக்குப் பொறுப்பு அளந்த கம்பெனிதான். ஓப்பன் சோர்ஸ்ல உங்களுக்கு ஒரு வசதி என்னன்னா எந்தப் பதிப்பு, எந்த செட்டிங், எத்தனை போட்டோ, பிழை எவ்வளவுன்னு லாகோட (வேலைப் பதிவோட) சேர்த்துக் குடுத்தா நாளைக்கு வேற யாரும் அதே ஃபைலைத் திறந்து அதே முடிவு வருதான்னு பாக்கலாம். ரிப்போர்ட்டோட அந்த லாகையும் வைங்க.

இதுல யாரும் கவனிக்காத ஒரு விஷயம். 2021 பிப்ரவரி 15ல வந்த ஜியோஸ்பேஷியல் வழிகாட்டுதல்படி, கிடைமட்டத்துல 1 மீட்டர், உயரத்துல 3 மீட்டர் துல்லியத்தை விட நுணுக்கமான மேப் டேட்டாவை இந்திய நிறுவனங்கதான் உருவாக்கலாம், வச்சுக்கலாம், அதை இந்தியாவுக்குள்ளதான் சேமிக்கவும் ப்ராசஸ் பண்ணவும் செய்யணும். உங்க ட்ரோன் மேப் எல்லாம் சென்டிமீட்டர் கணக்கு. அதை வெளிநாட்டு சர்வர்ல ஏத்தி 3டி ஆக்குற ஆன்லைன் சேவையை விட, ஓப்பன் ட்ரோன் மேப்ங்கற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரை ஆபீஸ் மெஷின்லயே போட்டு ஓட்டறது சட்டப்படியும் பாதுகாப்பு. அடுத்த தடவை ஓப்பன் சோர்ஸ் வேண்டாம்னு யாராவது சொன்னா இதை எடுத்துப் போடுங்க.

நடுகல்லும் ஹார்ட் டிஸ்க்கும்

இதுல நான் கொஞ்சம் கறாரா பேசுறேன். ஆபீஸ் டேட்டாவை அனுமதி இல்லாம காப்பி பண்றது ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 43வது பிரிவுல வருது, நேர்மையில்லாத நோக்கம்னு காட்டிட்டா 66வது பிரிவு, 3 வருஷம் வரைக்கும் சிறை இல்ல 5 லட்சம் வரைக்கும் அபராதம் இல்ல ரெண்டும். நல்ல எண்ணத்துலதான் எடுத்தேன்னு நீங்க சொல்றதை நான் நம்புறேன், வேலையை விட்டுப் போன பையன் ஹார்ட் டிஸ்க் நிறைய எடுத்துட்டுப் போனான்னு புகார் எழுதினா போலீஸ் நம்பணுமே.

ஆனா ஒரு கல் இந்த இடத்துல நிக்குதுங்கற உண்மைக்கு யாருக்கும் காப்பிரைட் கிடையாது. நீங்க எடுத்த ஆபீஸ் போட்டோவுக்கு உண்டு, கல்லுக்கு இல்ல. லீவு நாள்ல பஸ் ஏறிப் போய் சொந்த ஃபோன்ல, ஊர்க்காரங்ககிட்ட கேட்டுட்டு, திரும்ப எடுங்க. கோலார் பக்கம் தக்காளித் தோட்டத்து வரப்புல சாஞ்சு கிடக்குற கல்லுன்னா தோட்டக்காரர் சம்மதம் போதும், பாதுகாக்கப்பட்ட சின்னம்னா துறையோட விதியைக் கேட்டுக்கணும். ட்ரோன்னா 2021 ட்ரோன் விதிப்படி அந்த இடம் எந்தக் கலர் மண்டலம்னு பாத்துட்டுத்தான். கல்லுல இருக்குற எழுத்துல சுண்ணாம்பு மாவு பூசற பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம், பக்கவாட்டு வெளிச்சத்துல நெருக்கமா போட்டோ எடுத்து 3டி ஆக்கி மெஷ்லேப் சாஃப்ட்வேர்ல ரேடியன்ஸ் ஸ்கேலிங்ங்கற வசதியைப் போட்டா தேஞ்ச எழுத்தே எழும்பி வரும், உங்களுக்கு நான் சொல்லணுமா. பழைய கல்வெட்டு வாசகம் வேணும்னா எபிகிராஃபியா கர்நாடிகாங்கற கல்வெட்டுத் தொகுப்புல பெங்களூரு மாவட்டத் தொகுதி 1905ல வந்தது, காப்பிரைட் காலம் எப்பவோ முடிஞ்சுது, தொம்மலூர் சொக்கநாதர் கோயில் தமிழ்க் கல்வெட்டு உட்பட தாராளமா எடுத்துப் போடலாம்.

பொது மேப்ல போடறது சட்டத்தை விட மனசாட்சிக் கேள்வி. கர்நாடகாவுல புதையல் தேடி நடுகல்லையும் பாழடைஞ்ச கோயிலையும் பேத்துப் போடறது அடிக்கடி பேப்பர்ல வர்றது உங்களுக்கே தெரியும். க்யூஃபீல்ட் உங்களுக்கு அட்ச, தீர்க்க ரேகை எண்ணுல தசமத்துக்கு அப்புறம் 5, 6 இலக்கம் குடுக்கும், 5 இலக்கம்னா சுமார் 1 மீட்டர், அதாவது கல்லு மேலயே கொண்டு போய் நிறுத்திடும். பொதுவுல போடறப்ப 2 இலக்கத்தோட வெட்டிடுங்க, அது சுமார் 1 கிலோமீட்டர், ஊர் தெரியும் கல்லு தெரியாது. ரோட்டோரத்துல எல்லாரும் பாக்குற கல்லுக்கு முழுசாப் போடுங்க, காட்டுக்குள்ள தனியா இருக்குறதுக்கு வேண்டாம். ஆராய்ச்சிக்கு கேக்குறவங்களுக்கு ஆளைப் பாத்து முழு விவரம் குடுக்கலாம். "ஓப்பன்"னா எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்து விடணும்னு ஒரு வேகம் உங்க லெட்டர்ல தெரியுது, கோடுக்கு அது சரி, கல்லுக்கு சரியில்ல.

போட்டுக்குடுக்கற யோசனை

உங்க ஃப்ரெண்டுக்கு சட்டம் தெரியாது. காப்பிரைட் சட்டம் 63பி பிரிவு, தெரிஞ்சே கள்ளக் காப்பி சாஃப்ட்வேரை கம்ப்யூட்டர்ல பயன்படுத்தறவருக்கு 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரைக்கும் சிறை, 50,000ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம்னு சொல்லுது. பயன்படுத்தறவர்னா யாரு? நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி அந்த மெஷின்ல உக்காந்து டிராயிங் போட்டது நீங்கதானே. கம்பெனி பொறுப்பாளருக்கு 69வது பிரிவுல தனிப் பொறுப்பு உண்டு, அதனால உங்க பொறுப்பு இல்லாமப் போயிடாது. இதைக் காட்டி ஓனரை மிரட்டினா அது வேற குற்றமாவும் போகும். அதுக்குப் பதிலா, அந்த நோட்டீஸ் எழுத்துப்பூர்வமா முடிஞ்சுதா, காசு கட்டினாங்களா, ஏதாவது பழைய மெஷின்ல கிராக் இன்னும் மிச்சம் இருக்கான்னு கேட்டு சரி பண்ண வைங்க, இது உங்களுக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு.

பின்குறிப்புல கேட்டிருந்தீங்க, அடுத்த இன்டர்வியூவுக்கு நீங்க பண்ண 3டி மாடல் ரெண்டைக் காட்டலாமான்னு. ஓனர்கிட்ட ஒரு மெயில் போட்டு, எந்த ரெண்டுன்னு பேர் சொல்லி, திரையில காட்ட மட்டும், ஃபைல் குடுக்க மாட்டேன்னு எழுதி அனுமதி கேளுங்க, பெரும்பாலும் குடுத்துடுவாங்க. யூனிவர்சிட்டி அகழாய்வோடதுன்னா அவங்க அறிக்கை வெளிவர்ற வரைக்கும் அவங்களையும் கேக்கணும். குடுக்கலன்னா, மேல சொன்ன தக்காளித் தோட்டத்துக் கல்லை நீங்களே புதுசா எடுத்து மாடல் போட்டுக் காட்டுங்க. அப்புறம் ஆஃபர் லெட்டர் முழுசையும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, நீங்க எழுதியிருக்குற அந்த ஒரு வரிக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன இருக்குன்னு பாக்காம "கம்பெனி கை ஓங்கியிருக்கு"ன்னு நான் சொன்னதைக் கடைசி வார்த்தையா எடுத்துக்க வேண்டாம்.